செம்மண் என்று நான் ஊதித்தள்ளிய தூள்

எங்கள் பழைய கராச் மெக்கானிக் ஆட்களுக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கப் படங்களும் மரண அறிவித்தல்களும்தான் அதில் அதிகம். போன மாதம் ஒருவர் அதில் வீடியோ ஒன்று போட்டார். ஸ்கூட்டரின் இடப்பக்கப் பெல்ற் மூடியைக் கழற்றுகிறார். கொம்பிரசர் குழாயைப் பிடித்துப் 'புஸ்' என்று ஒரு அடி. உள்ளே கிடந்த தூள் எல்லாம் பறந்துபோய்ப் பெட்டி பளிச்சென்று ஆகிவிடுகிறது. கீழே வரிசையாகப் பெருவிரல்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அடிக்க முதல் பாத்தனீரோ?" என்று எழுதினேன். "தூளிலை பாக்க என்ன அண்ணை கிடக்கு?" என்று பதில் வந்தது.

என்ன கிடக்கு என்று எழுதுகிறேன். போனில் தட்டி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு இருக்கிறேன். இந்தக் கதையில் பிழை விட்டவன் நான்தான். ஆகவே ஒருவரும் என்னோடு கோபிக்கத் தேவையில்லை.

நான் வேலை பழகியது பெற்றோல் கண்ணில் காணாத காலத்தில். காபரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோலைச் சிறிஞ்சால் விட்டு ஸ்ராட் ஆக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட விட்ட ஆட்கள் நாங்கள். அதைச் சொல்லத் தொடங்கினால் பொழுது போய்விடும், விடுங்கள். சண்டை முடிந்து, பாதை திறந்து, யாழ்ப்பாணத்துப் பெண்கள் எல்லாரும் ஸ்கூட்டரில் ஏறிய காலத்தில் நான் ரவுணில் ஒரு ஏஜென்சிக் கராச்சில் மூத்த மெக்கானிக். இருபது வருடம் மோட்டார் சைக்கிள் சங்கிலியோடு பழகிய கையை வைத்துக்கொண்டு பெல்ற்றைப் படிக்க வேண்டியிருந்தது. ஸ்கூட்டரில் சங்கிலி இல்லை. இடப்பக்க மூடிக்குள் முன்னுக்கு ஒரு கப்பி, பின்னுக்கு ஒரு கப்பி, இரண்டையும் சுற்றி ஒரு றப்பர் பெல்ற். எஞ்சினின் இழுவை எல்லாம் அந்தப் பெல்ற்றால்தான் பின்சில்லுக்குப் போகிறது.

எங்கள் சேர்விஸ் மனேச்சர் ஐசாக் ஐயா. மெதடிஸ்த குடும்பம், மிஷன் பள்ளிக்கூடத்துப் படிப்பு. வெள்ளைச் சேட்டின் கை எப்போதும் மணிக்கட்டில் பூட்டியிருக்கும். நாள் முழுக்க எங்களோடு கிறீசுக்குள் நிற்கிற மனிதரின் சேட்டில் ஒரு பொட்டு அழுக்கு நான் கண்டதில்லை. மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கமுதல் கண்ணை மூடி ஜெபிப்பார். அந்த நேரம் நாங்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவோம், அவர் கேட்டதில்லை. ஏசவே மாட்டார். அதுதான் எங்களுக்குக் கரைச்சல். ஏசினால் ஏச்சோடு முடிந்துபோகும். இவர் பொக்கற்றில் மடித்து வைத்திருக்கிற லேஞ்சியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தவராசா, நீர் என்ன கண்டனீர் எண்டு சொல்லும்" என்பார். நாங்கள் நினைத்ததைச் சொன்னால், "நீர் நினைச்சதை நான் கேக்கேல்லை" என்பார். எத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பெல்ற் மூடி கழற்றுவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். காற்று அடிக்கக்கூடாது, துணி போடக்கூடாது. முதலில் கீழே ஒரு வெள்ளைத்தாள் விரிக்க வேண்டும். மூடியைக் கவிழ்த்துப் பிடித்து, றப்பர் சுத்தியலின் பிடியால் மெல்ல மூன்று தட்டு. பிறகு கப்பிகளைச் சுற்றி ஒட்டியிருக்கிற தூளைத் தூரிகையால் தாளில் வழிக்க வேண்டும். அந்தத் தாளை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, என்ன நிறம், எந்த இடத்தில், எவ்வளவு என்று வேலைக் கார்ட்டில் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் துடைப்பு.

பெல்ற் தேய்ந்த தூள் கறுப்பு. விரலில் பூசினால் அடுப்புக்கரி மாதிரி ஒட்டும். கப்பித்தட்டு தேய்ந்தால் சாம்பல் நிறத்தில் வெளிச்சத்துக்கு மினுங்கும். பின்பக்கம் கிளச் எரிந்திருந்தால் தூளைப் பார்க்கத் தேவையில்லை, மூடியைத் திறக்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். இவை தவிர எங்கள் பக்கத்துக்கென்று ஒன்று இருந்தது. வலிகாமத்துத் தோட்டப் பாதைகளில் ஓடுகிற வண்டிகளுக்குள் செம்மண் புழுதி போய்ப் படிந்துவிடும். மூடிக்குள் காற்றுப் போக வழி இருக்கிறது அல்லவா, அதால் போகும். நாளுக்கு நாலு கார்ட்டிலாவது 'செம்மண்' என்று எழுதியிருப்போம். கொழும்பிலிருந்து பயிற்சி தர வந்தவருக்குக்கூட நாங்கள்தான் அதைச் சொல்லிக் கொடுத்தோம், பெரிய ஆட்கள் மாதிரி.

அந்த வருடம் ஐப்பசியில் கராச்சுக்கு இம்பக்ற் கண் வந்தது. காற்றில் வேலை செய்து நட்டை இறுக்குகிற சாமான். துப்பாக்கி மாதிரி இருப்பதால் நாங்கள் அதைத் 'துவக்கு' என்போம். நட்டில் வைத்து விசையை அமத்தினால் 'டர்ர்' என்று இரண்டு நொடியில் இறுகிவிடும். எனக்கு அதைக் கையில் எடுத்த நாளிலிருந்து தலைகால் தெரியவில்லை. முதல் வாரத்திலேயே ஏழு வண்டிக்குப் பெல்ற் மாற்றினேன். பக்கத்தில் நின்றவர்கள், "அண்ணை, வண்டிக்காறர் தேத்தண்ணி குடிச்சு முடிக்க முதல் பூட்டிப்போடுறியள்" என்று ஏற்றிவிட்டார்கள். நானும் ஏறிவிட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். முன்கப்பி இரண்டு தட்டு, நடுவில் பெல்ற். புதுப் பெல்ற் போடும்போது பின்கப்பியைக் கையால் விரித்து, பெல்ற்றை அதன் அடிவரைக்கும் தள்ளிவிட வேண்டும். அப்போதுதான் முன்பக்கம் பெல்ற் தளர்ந்து கிடக்கும். வெளித்தட்டும் எஞ்சின் தண்டில் வெட்டியிருக்கிற பல்லில் முழுதாகப் போய் உட்காரும். அப்படித் தள்ளாவிட்டால் வெளித்தட்டு பெல்ற்றைக் கடித்துக்கொண்டு வெளியே நின்றுவிடும். நட்டை இறுக்கினால் இறுகத்தான் செய்யும். ஆனால் அது பெல்ற்றின் மேல் இறுகிய இறுக்கம். வண்டி கொஞ்சத் தூரம் ஓடி, பெல்ற் தன் இடத்துக்கு இறங்கியதும் நட்டுக்குப் பின்னால் வெறும் இடம்தான். கையால் இறுக்கினால் ஒரு பஞ்சுத்தன்மை கையிலேயே தெரியும். துவக்குக்கு அதெல்லாம் தெரியாது. அதற்காகத்தான் ஐசாக் ஐயா, நட்டு இறுக்கிய பிறகு கப்பியைக் கையால் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, முறுக்கு அளவு காட்டுகிற ஸ்பனரை மறுபடி ஒருக்கால் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். அந்த வாரம் நான் அதைச் செய்யவில்லை. துவக்கு இருக்கும்போது அது எதற்கு என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, மார்கழியில், வலிகாமத்துச் சண்டிலிப்பாயிலிருந்து யோகா மிஸி வந்தார். அவர் குடும்பநல உத்தியோகத்தர். பிள்ளைத்தாச்சிப் பெண்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. ஒரு நாளில் நாலைந்து ஊர் போவார். ஸ்கூட்டர் இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை. நான் பெல்ற் மாற்றிய ஏழு வண்டிகளில் அவருடையதும் ஒன்று.

"அண்ணை, எடுத்து ஓடேக்கை 'கிர்' எண்டு ஒரு சத்தம். கால் வைக்கிற தட்டும் அதிருது" என்றார்.

மூடியைக் கழற்றினேன். முன்கப்பியின் நடுவில், நட்டைச் சுற்றி, ஒரு வளையம் மாதிரிச் சிவப்புத் தூள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"மிஸி, உங்கடை ஊரையே உள்ளுக்கை வைச்சுக்கொண்டு திரியிறியள். செம்மண்."

அவர் சிரிக்கவில்லை. எட்டிப் பார்த்தார். "மார்கழி மழைக்கை ஏது அண்ணை புழுதி? ஒழுங்கையெல்லாம் சேறாக் கிடக்கு."

"உது பழசு மிஸி. வெய்யில் காலத்திலை போய்ப் படிஞ்சிருக்கும்."

இரண்டு மாதத்துக்கு முதல் அதே பெட்டியைத் துடைத்துப் பெல்ற் போட்டவன் நான். பழைய புழுதி எங்கிருந்து வரும்? அந்தக் கேள்வி என் மண்டைக்குள் வரவே இல்லை. ஐசாக் ஐயா அன்று வங்கிக்குப் போயிருந்தார். தாளும் விரிக்கவில்லை, தட்டவும் இல்லை. குழாயை எடுத்து 'புஸ்' என்று ஒரு அடி அடித்தேன். நட்டில் ஒரு ஸ்பனர்கூட வைக்கவில்லை. மூடியைப் பூட்டி, கார்ட்டில் 'செம்மண், துப்புரவு செய்யப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அரைமனதோடுதான் வண்டியின் திறப்பை வாங்கிக்கொண்டு போனார்.

தையில் ஒரு நாள் காலை வல்வெட்டித்துறைக் குலம் அண்ணை வந்தார். அங்கே வலையும் தூண்டிலும் விற்கிற சின்னக் கடைக்காரர். காற்றுக்கு மேலால் கதைத்துப் பழகிய தொண்டை. அவர் வந்தால் முழுக் கராச்சுக்கும் கேட்கும். ஸ்கூட்டரை மீன் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அதே 'கிர்' சத்தம். இந்த முறை ஐசாக் ஐயா எனக்குப் பின்னால் நின்றார். ஆகவே தாள் விரித்து, முறைப்படி மூடியைக் கழற்றினேன். அதே சிவப்பு வளையம்.

"இதென்ன தம்பி? ஆயுதபூசைக்கு வெளியிலைதானே பொட்டு வைச்சனான். உள்ளுக்கை ஆர் குங்குமம் கொட்டினது?" என்றார் குலம் அண்ணை.

"செம்மண் அண்ணை" என்று என் வாய் தன்பாட்டில் சொன்னது.

"செம்மண்ணோ? உமக்கென்ன விசரே? எங்கடை ஊரிலை கடல் மண்ணைத் தவிர வேறை மண் கிடக்கோ? உந்த ஸ்கூட்டர் கடைக்கும் கரைக்கும்தான் ஓடுறது. அரை மைல் அங்காலை போனதில்லை. பெல்ற் போடவும் லொறியிலைதான் வந்தது, இண்டைக்கும் லொறியிலைதான் வந்தது."

ஐசாக் ஐயா லேஞ்சியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

"தாளை எடும்" என்றார்.

தூளைத் தாளில் வழித்து அவருடைய மேசைக்குக் கொண்டுபோனேன். வாசலில் குரோட்டன் சாடி ஒன்று இருந்தது. சுன்னாகத்திலிருந்து கொண்டுவந்த செம்மண் நிரப்பிய சாடி. அதில் ஒரு கிள்ளு எடுத்து நசுக்கி, இன்னொரு தாளில் போட்டார். மேசை லாச்சியைத் திறந்து பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை எடுத்தார். முதலில் சாடி மண் இருந்த தாளுக்குக் கீழே காந்தத்தை வைத்து நகர்த்தினார். இரண்டொரு மணி அசைந்தது, மற்றது கிடந்தபடி கிடந்தது. பிறகு கப்பித் தூளுக்குக் கீழே வைத்தார். தூள் அப்படியே எழும்பி, மயிர் சிலிர்த்த பூனைக்குட்டி மாதிரி நின்றது. காந்தம் போன பக்கமெல்லாம் அதுவும் போனது.

"நீர் என்ன காணுறீர், தவராசா?"

"இரும்பு, ஐயா."

இரும்பும் இரும்பும் உரசினால் வருகிற தூள் காற்றுப்பட்டு இப்படிச் சிவந்துபோகும். திரும்பிப் போய் நட்டில் ஸ்பனரை வைத்தேன். பலம் கொடுக்க முதலே சுற்றியது. தட்டைக் கழற்றிப் பார்த்தால் தண்டின் பற்கள் பாதி தேய்ந்திருந்தன.

"ஆர் பூட்டினது?"

"நான்தான் ஐயா. துவக்காலை."

"பிறகு கப்பியைச் சுத்திப் பாத்தனீரோ?"

"இல்லை ஐயா."

எனக்கு அப்போது குலம் அண்ணையும் தெரியவில்லை, ஐசாக் ஐயாவும் தெரியவில்லை. யோகா மிஸியின் வண்டிக்குள் நான் கண்ட வளையம்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. தட்டு ஆடி ஆடிப் பெல்ற்றைக் கிழித்துவிடும். கிழிந்த பெல்ற் கப்பிக்கும் பெட்டிக்கும் நடுவில் போய்ச் செருகினால், ஓடிக்கொண்டிருக்கிற வண்டியின் பின்சில்லு அப்படியே கட்டிப் பிடிக்கும். அதற்குப் பிறகு ஓடுகிறவர் கையில் ஒன்றும் இல்லை. நான் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புத் தூள் கண்டதையும், சிரித்ததையும், ஊதியதையும், மழைக்குள் ஏது புழுதி என்று மிஸி கேட்டதையும்.

ஐயா ஏழு கார்ட்டையும் எடுத்து மேசையில் பரப்பினார். குலம் அண்ணையைத் தவிர மற்ற ஆறு பேருக்கும் போன் எடுத்தோம். ஐந்து பேர் அன்றைக்கே வண்டியைக் கொண்டுவந்து காட்டினார்கள். அந்த ஐந்தும் நல்லாகவே இருந்தன. யோகா மிஸியின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"நீர் வீட்டை போம்" என்றார் ஐயா. அதாவது யோகா மிஸியின் வீட்டுக்கு.

"நீங்களும் வாங்கோவன் ஐயா."

"நான் வந்தால் நீர் எனக்குப் பின்னாலை நிப்பீர். தலைமைக் கந்தோருக்கு நான் எழுதுறன். அதிலை உம்மடை பேரும் வரும், என்ரை பேரும் வரும். அங்கை போய்ச் சொல்லவேண்டியது நீர்."

ஸ்பனர், சுத்தியல் எல்லாம் போட்ட ஆயுதப் பையை என் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு மானிப்பாய் வீதியால் போனேன். வழியெல்லாம் எதிரே வருகிற ஒவ்வொரு ஸ்கூட்டரையும் பார்த்தபடி போனேன். சண்டிலிப்பாயில் ஒரு கடையில் வீடு விசாரித்தபோது கடைக்காரர், "மிஸியின்ரை வீடோ? அவ விழுந்து கை முறிஞ்செல்லே இருக்கிறா. ஒரு கிழமையாச்சு" என்றார்.

கொஞ்ச நேரம் அந்தக் கடை வாசலில் நின்றுவிட்டேன். திரும்பிப் போய்விடலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. பொய் சொல்ல விருப்பம் இல்லை, வந்ததுதான். தெரியாத மாதிரி இருந்துவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? பிறகு என்னை நானே ஏசிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

படலையைத் திறந்தவர் அவருடைய கணவர். தோட்டக்காரர், கையில் மண்வெட்டி. என் பையைப் பார்த்தார்.

"ஸ்கூட்டி பாக்க வந்தனீங்களோ? பின்னேரம் எண்டெல்லே சொன்னவை. வாங்கோ, வாங்கோ. வண்டியிலை ஒரு குறையும் சொல்லேலாது. எடுத்து ஒரு வருசம்தான். மனுசிக்கு ஓடத் தெரியேல்லை, அதுதான் குடுக்கிறம்."

விறாந்தைக் கதிரையில் யோகா மிஸி இருந்தார். வலக்கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கணவர் சொன்னதும் அவருக்குக் கேட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணை, நான் வாங்க வரேல்லை" என்றேன். கணவர் வயதில் எனக்கு இளையவர்தான், ஆனாலும் அண்ணை என்றுதான் வாயில் வந்தது. "கராச்சிலையிருந்து வாறன். ஸ்கூட்டரை ஒருக்கால் திறந்து பாக்கவேணும்."

"இனி என்னத்தைத் திறக்கிறது? கோயில் வளைவிலை பிறேக்கை இறுக்கிப் பிடிச்சுப்போட்டு வேலிக்குள்ளை போய் விழுந்திருக்கிறா. நான் அப்பவே சொன்னனான், உனக்கு உது சரிவராது எண்டு. கந்தோருக்கும் கடிதம் எழுதிப்போட்டன், இனி வெளி வேலைக்கு அனுப்பவேண்டாம், கிளினிக்குக்குள்ளை ஏதும் குடுங்கோ எண்டு. கையெழுத்து வைக்கிறதுதான் பாக்கி. இடக்கையாலை எண்டாலும் வைக்கட்டும்."

"நான் பிறேக் பிடிக்கேல்லை" என்றார் மிஸி. மெல்லிய குரல். ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லி, சொல்லுகிறவருக்கே நம்பிக்கை போன குரல். பிறகு, "தெரியேல்லை. பிடிச்சனோ என்னவோ" என்றார்.

நான் கொட்டிலுக்குள் போனேன். ஸ்கூட்டர் படங்குக்குக் கீழே நின்றது. முற்றத்துக்கு உருட்டப் பார்த்தால் பின்சில்லு அசையவில்லை. "அண்டைக்கு ஊராக்கள் தூக்கிக்கொண்டுவந்து விட்டவை, பிறகு நாங்கள் தொடேல்லை" என்றார் கணவர். தூக்கித்தான் கொண்டுவந்தோம். கணவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வெள்ளைத்தாள் ஒன்றை நிலத்தில் விரித்து நாலு பக்கமும் கல் வைத்தேன். மிஸி கதிரையிலிருந்து எழும்பி வந்து நின்றார்.

மூடியைக் கழற்றினேன். பெல்ற் நாராகக் கிழிந்து, ஒரு துண்டு பின்கப்பிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஆப்பு அடித்த மாதிரிச் செருகியிருந்தது. முன்பக்கமெல்லாம் சிவப்புத் தூள். நான் ஊதித்தள்ளியதை விட இரண்டு மடங்கு.

"அண்ணை, உந்த நட்டை உங்கடை விரலாலை ஒருக்கால் சுத்துங்கோ" என்று கணவரிடம் சொன்னேன்.

"விரலாலையோ?" குனிந்து இரண்டு விரலால் பிடித்தார். சுற்றியது. இன்னொரு தரம் சுற்றினார். நட்டு கழன்று அவருடைய உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. அதையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"உது ஒரு ஆள் ஏறி மிதிச்சாலும் அசையக்கூடாத நட்டு" என்றேன். "ஐப்பசியிலை நான் பெல்ற் மாத்தினனான். பெல்ற்றை உள்ளுக்குத் தள்ளாமல் நட்டைப் பூட்டியிருக்கிறன். பூட்டிப்போட்டுச் சரிபாக்கேல்லை. மார்கழியிலை மிஸி சத்தம் எண்டு கொண்டுவந்தவ. உந்தச் சிவப்புத் தூளை அண்டைக்கே கண்டனான். செம்மண் எண்டு சொல்லி ஊதிப்போட்டு அனுப்பினனான். மிஸி கேட்டவ, மழைக்குள்ளை ஏது புழுதி எண்டு. நான் கேக்கேல்லை. பிறேக்காலை சில்லு நிக்கேல்லை. பெல்ற் அறுந்து செருகினதாலை நிண்டது. நானாயிருந்தாலும் விழுந்திருப்பன். ஆர் ஓடியிருந்தாலும் விழுந்திருப்பினம்."

கணவருடைய முகம் கறுத்தது. மண்வெட்டி பக்கத்தில்தான் கிடந்தது. என் கண் அதில் போனது, மறைக்காமல் சொல்கிறேன்.

"என்ரை மனுசி செத்திருந்தால்? பின்னாலை லொறி வந்திருந்தால்? ஆ? வந்து நிண்டு செம்மண் எண்டு சொல்லுவீரோ?"

"ஓம் அண்ணை" என்றேன். "என்ரை பிழைதான். கராச் எல்லாத்தையும் திருப்பிச் செய்து தரும். ஆனால் நான் வந்தது அதுக்கில்லை."

மிஸி குனிந்து, இடக்கை விரலால் தாளிலிருந்த தூளைத் தொட்டார். விரலைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அப்ப நான் விழேல்லையோ, அண்ணை?"

"இல்லை மிஸி. நீங்கள் விழேல்லை. நான்தான் உங்களை விழுத்தினனான்."

அவர் நின்ற இடத்திலேயே அழத் தொடங்கினார். மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் கண்ணைத் துடைக்கப் பார்த்தார், அது முகத்துக்கு எட்டவில்லை. கணவர் மண்வெட்டியை எடுத்துக் கொட்டிலில் சாத்திவிட்டு வந்து, தன் சால்வைத் துண்டால் துடைத்துவிட்டார். அழுகை அடங்கியதும் மிஸி உள்ளே போனார். வரும்போது இடக்கையில் ஒரு கடிதம்.

"என்னாலை ஒரு கையாலை ஏலாது. நீங்கள்தானே எழுதினீங்கள், நீங்களே கிழியுங்கோ" என்று கணவரிடம் நீட்டினார்.

அவர் என் முன்னால் கிழிக்கக் கொஞ்சம் கூச்சப்பட்டார். நான் திரும்பி நின்று ஆயுதங்களைப் பைக்குள் போட்டேன். தாள் கிழிகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் யாருக்கோ போன் எடுத்து, "தம்பி, பின்னேரம் வரவேண்டாம். வண்டி குடுக்கிற எண்ணம் இல்லை" என்று சொன்னதும் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்தது கராச் விஷயம். தலைமைக் கந்தோரிலிருந்து எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. ஐசாக் ஐயாவுக்கும் வந்தது. அவர் கப்பி நட்டுக்குத் துவக்கு எடுக்கக்கூடாது என்று எழுதி ஒட்டினார். சிவப்புத் தூள் கண்டால் எந்த ஊர் வண்டியானாலும் காந்தம் பிடிக்க வேண்டும், நட்டில் ஸ்பனர் வைக்க வேண்டும் என்பதும் வழக்கமாகிவிட்டது. நான் ஓய்வு பெறும்வரைக்கும் கார்ட்டில் 'செம்மண்' என்ற சொல்லை எழுத எனக்குக் கை கூசும். வீடியோ போட்டவருக்கு விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

மிஸியின் ஸ்கூட்டரை நானே பிரித்து, தண்டு, கப்பி, பெல்ற் எல்லாம் புதிதாகப் போட்டேன். ஐயா பக்கத்தில் கதிரை போட்டு இருந்து ஒவ்வொரு நட்டாகப் பார்த்தார். மாசி கழிந்து, மாவுக்கட்டு வெட்டிய பிறகு, மிஸி தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினார். தலைக்கவசத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார். கை மெலிந்து வெளிறிப்போய் இருந்தது. மூடியைத் திறந்து காட்டச் சொன்னார். திறந்தேன். குனிந்து நேரம் எடுத்துப் பார்த்தார். நட்டில் ஸ்பனரை வைத்து இழுத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"மிஸி, இனிச் சேர்விஸ் எல்லாம் நானே பாத்துச் செய்து தாறன். எப்ப எண்டாலும் கொண்டுவாங்கோ" என்றேன்.

அவர் தலைக்கவசத்தின் பட்டியைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபம் இருக்கவில்லை.

"வீட்டை வந்து சொன்னியளே, அதை நான் மறக்கமாட்டன் அண்ணை. ஆனால் இனி வண்டியை உங்கடை கையிலை தரமாட்டன். மானிப்பாயிலை வேறை ஒரு ஆளிட்டைக் கதைச்சு வைச்சிருக்கிறன்."

எனக்குச் சுருக்கென்றது. ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் மிஸி சொன்னதில் பிழை பிடிக்க எனக்கு ஒரு இடமும் கிடைக்கவில்லை. "ஓம் மிஸி" என்றேன். திறப்பைக் கொடுத்தேன்.

மிஸி ஸ்கூட்டரில் ஏறி, வலக்கையை இரண்டு தரம் மடக்கி நீட்டிவிட்டு, ஸ்ராட் ஆக்கினார். வாசலில் ஒரு லொறிக்கு வழி விட்டு நின்றார். இரண்டு பக்கமும் பார்த்து, சிக்னல் போட்டு, மானிப்பாய்ப் பக்கம் திருப்பினார். வளைவில் ஒரு சைக்கிள்காரன் குறுக்கே வந்தான். அவர் பதறவில்லை, மெல்லப் பிடித்து, விலத்திக்கொண்டு போனார். நல்லாத்தான் ஓடினார்.